டிஸ்க்கில் இடமிருக்கும்போதே ‘இடமில்லை’ என்று வந்தால்: லினக்ஸில் ஷேர்ட் மெமரியைப் பார்ப்பதும் மாற்றுவதும்

போன ஆடி மாதம், திருகோணமலை உப்புவெளியில் ஒரு அறை கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் நேரம், அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸில் கணக்குப் பார்க்கிற தம்பி இரவு ஒன்பதரைக்குப் போன் எடுத்தார். “அண்ணா, டிஸ்க்கில இடமில்லை எண்டு காட்டுது. ஆனா 180 ஜிபி சும்மா கிடக்குது. ரெண்டு நாளா பழைய படங்களை எல்லாம் அழிச்சுப் பாத்திட்டன், திரும்பவும் அதையேதான் சொல்லுது.” அறை பதிவு, பில், புறாத்தீவுப் படகுக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, மாத அறிக்கை எடுக்கும்போது மட்டும் பாதியில் விழுந்துவிடுகிறது. அவர் அழித்ததில் பத்து வருடப் படகுப் படங்களும் இருந்தன, அவை திரும்பி வரவில்லை. அதை நினைக்க எனக்கு இன்னும் மனம் கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பிழை சொன்ன ‘இடம்’ ஹார்ட் டிஸ்க்கின் இடம் இல்லை. ரேமுக்குள் ஷேர்ட் மெமரிக்கு ஒதுக்கிய இடம்தான் நிறைந்திருந்தது.

வழிமுறைக்குப் போக முன் இரண்டு விஷயம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் காட்டும் ‘ஷேர்ட் ஜிபியு மெமரி’யைத் தேடி வந்தவர்களுக்கு இது உதவாது, அது கிராஃபிக்ஸ் பகுதி ரேமைப் பங்குபோடுகிற வேறு சங்கதி. இங்கே சொல்வது லினக்ஸ் சர்வரில், ஒன்றுக்கு மேற்பட்ட புரோகிராம்கள் ஒரே மெமரித் துண்டைச் சேர்ந்து பாவிப்பதைப் பற்றி. இரண்டாவது, கட்டளைகளை நான் போனில் வாயால் சொல்லும் விதமாகவே எழுதியிருக்கிறேன். ஹைபன், ஸ்லாஷ், புள்ளி, சமன் எல்லாம் இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கும், எழுத்துகளை மட்டும் நீங்கள் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். நான் வேறாகச் சொன்னால் தவிர எல்லாம் சின்ன எழுத்து.

சரி, இந்த ஷேர்ட் மெமரி என்றால் என்ன? காலையில் மீன் வாடிக்குப் போனவர்களுக்கு விளங்கும். எந்தப் படகுக்கு எத்தனை கிலோ, இன்றைக்குப் பாரை என்ன விலை என்பதை ஒருவர் பலகையில் எழுதுகிறார். வியாபாரி, படகுக்காரர், ஐஸ் கொண்டு வருபவர் எல்லோரும் அந்த ஒரே பலகையைப் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மீன் பழுதாகிவிடும். கணினியில் சாதாரணமாக ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி மெமரி, ஒன்றுடையதை மற்றது எட்டிப்பார்க்க முடியாது. டேட்டாபேஸ் போல பத்து இருபது புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) ஒரே தரவில் வேலை செய்கிற இடத்தில் இது சரிவராது, அதனால் இயக்குதளம் ரேமின் ஒரு பகுதியை எல்லோருக்கும் பொதுப் பலகையாக மாட்டிவிடுகிறது.

லினக்ஸில் இந்தப் பலகை இரண்டு விதமாக மாட்டப்படுகிறது. மாற்ற வேண்டிய இடமும் அதற்கேற்ப வேறு. ஒன்று பழைய யூனிக்ஸிலிருந்து வந்த சிஸ்டம் ஃபைவ் முறை, இதற்கு எல்லை வைப்பவை கெர்னலின், அதாவது இயக்குதளத்தின் மையப் பகுதியின், எண்கள். மற்றது போசிக்ஸ் முறை, இது /டெவ்/எஸ்எச்எம் என்ற ஃபோல்டரில் ஃபைல்களாக இருக்கும். பார்க்க டிஸ்க் மாதிரித் தெரியும், உண்மையில் முழுக்க ரேம், ரேம் போதாவிட்டால் ஸ்வாப்புக்கு, அதாவது ரேமுக்கு உதவியாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்கு, போகும். ஃபைல் எதுவும் இல்லாமல் புரோசஸ்கள் தங்களுக்குள் நேரடியாகப் பங்குபோடுகிற மூன்றாவது வழியும் உண்டு, அதற்கென்று தனியாக நீங்கள் திருப்ப வேண்டிய திருகு எதுவும் இல்லை, அதை விட்டுவிடலாம்.

ஷேர்ட் மெமரி என்ற சொல்லைக் கண்டவுடன் எங்கோ இருந்து ‘எஸ்எச்எம்மேக்ஸ்’ (ஒரு துண்டின் உச்ச அளவு) எண்ணைப் பிரதி எடுத்துப் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது, நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அது 2014-க்கு முந்திய உலகத்து வைத்தியம். அந்த வருடம் வந்த லினக்ஸ் 3.16 வரை ஒரு துண்டின் உச்ச அளவு, ஒன்றும் மாற்றாவிட்டால், வெறும் 32 எம்பிதான், அதனால் எல்லோரும் அதை உயர்த்த வேண்டியிருந்தது. 3.16-இலிருந்து அந்த எல்லையை நடைமுறையில் எடுத்தே விட்டார்கள். ஆகவே இன்றைய மெஷினில் பழைய எண்ணைப் போட்டால் நீங்கள் எல்லையை உயர்த்தவில்லை, குறைக்கிறீர்கள். முதலில் பாருங்கள், எது நிறைந்தது என்று தெரிந்த பிறகு அதை மட்டும் மாற்றுங்கள்.

பார்ப்பதற்கு மூன்று கட்டளை போதும்.

டிஎஃப் -எச் /டெவ்/எஸ்எச்எம்
ஐபிசிஎஸ் -எல்எம்
ஐபிசிஎஸ் -எம்

முதலாவது, போசிக்ஸ் பலகைக்கு எவ்வளவு இடம், எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும். ஒன்றும் மாற்றாத லினக்ஸில் அது மொத்த ரேமில் பாதியாக இருக்கும், 4 ஜிபி மெஷினில் 2 ஜிபிக்குக் கொஞ்சம் குறைய. இரண்டாவது சிஸ்டம் ஃபைவ் எல்லைகளைக் காட்டும். வரியை நிரப்புகிற அளவுக்கு நீண்ட எண் வந்தால் பயப்பட வேண்டாம், எல்லை இல்லை என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. மூன்றாவது இப்போது மாட்டியிருக்கிற துண்டுகளின் பட்டியல்: யாருடையது, எத்தனை பைட், எத்தனை பேர் அதில் இணைந்திருக்கிறார்கள். அந்தக் கடைசி எண், ‘என்அட்ச்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பது, பிறகு தேவைப்படும்.

பிழைச் செய்தியை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். புரோகிராம் கிளம்பும்போதே ‘இன்வாலிட் ஆர்கியுமென்ட்’ என்று ஷேர்ட் மெமரித் துண்டைப் பற்றிச் சொன்னால், பெரும்பாலும் கேட்ட துண்டு எஸ்எச்எம்மேக்ஸை விடப் பெரியது. ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்பதுதான் ஆளை ஏமாற்றும். அது கிளம்பும்போது வந்தால் துண்டுகளின் எண்ணிக்கையோ மொத்த அளவோ எல்லையைத் தொட்டிருக்கலாம், நடுவில், பெரிய வேலை ஒன்றின்போது வந்தால் /டெவ்/எஸ்எச்எம் நிறைந்திருக்கும். செய்தியில் ‘ஷேர்ட் மெமரி செக்மென்ட்’ என்ற சொற்கள் இருக்கிறதா என்று முழு வரியையும் வாசியுங்கள். உப்புவெளித் தம்பி கடைசி ஐந்து சொல்லைத்தான் பார்த்தார், வரியின் தொடக்கத்திலேயே விடை இருந்தது.

அவருடைய மெஷினில் டிஎஃப் போட்டபோது 2 ஜிபி, ஒரு வீதம் கூட நிறையவில்லை என்று வந்தது. சில நிமிடம் நானும் தடுமாறிப் போனேன். பிறகுதான் கேட்டேன், டேட்டாபேஸ் டாக்கருக்குள் (புரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) ஓடுகிறதா என்று. ஆமாம் என்றார். கன்டெய்னருக்குத் தனி /டெவ்/எஸ்எச்எம் இருக்கிறது, வெளியே எவ்வளவு இருந்தாலும் உள்ளே டாக்கர் கொடுப்பது 64 எம்பிதான், நீங்கள் கேட்டால் தவிர. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் ஒரு பெரிய கேள்வியைப் பல புரோசஸ்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது அவை தங்களுக்குள் விஷயம் பரிமாறுவது இந்த இடத்தில்தான். தினசரி பில் சின்ன வேலை, அதற்கு அது தேவைப்படாது. ஒரு மாதக் கணக்கை ஒன்றாகச் சேர்க்கும்போது 64 எம்பி எங்கே போதும்? அதனால் உள்ளே போய்ப் பாருங்கள்:

டாக்கர் எக்செக் (கன்டெய்னர் பெயர்) டிஎஃப் -எச் /டெவ்/எஸ்எச்எம்

கூட்டுவதற்கு, கன்டெய்னரைக் கட்டளையால் கிளப்புபவர்கள் டாக்கர் ரன் வரியில் --எஸ்எச்எம்-சைஸ்=512எம் என்று சேர்க்கலாம். கன்டெய்னர் அமைப்பை எழுதிவைக்கிற கம்போஸ் ஃபைல் வைத்திருந்தால் அந்த சர்வீஸின் கீழ் எஸ்எச்எம்_சைஸ்: 512எம்பி என்று ஒரு வரி, இங்கே ஹைபன் இல்லை அண்டர்ஸ்கோர், அதைக் கவனியுங்கள். வெறும் ரீஸ்டார்ட் போட்டால் இது ஏறாது. கன்டெய்னரைப் புதிதாக உருவாக்க வேண்டும், கம்போஸில் டாக்கர் கம்போஸ் அப் -டி என்று அடித்தால் அது மாற்றத்தைக் கண்டு தானே புதிதாக உருவாக்கும். தரவு வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே இருக்கிற சேமிப்பிடம்) இருக்கிறதா என்று அதற்கு முன் கட்டாயம் பாருங்கள், கன்டெய்னருக்குள்ளேயே தரவை வைத்திருந்தால் பழைய கன்டெய்னரோடு அதுவும் போய்விடும். முதலில் பேக்கப்.

512 எம்பி என்று போட்டால் 512 எம்பி ரேம் உடனே போய்விடுமா என்று அவர் கேட்டார், நல்ல கேள்வி. போகாது. அது உச்ச எல்லை மட்டும், உள்ளே எழுதுகிற அளவுக்குத்தான் ரேம் செலவாகும், வேலை முடிந்ததும் விட்டுவிடும். ஆனால் எழுதுகிற அளவு கன்டெய்னருக்கு வைத்த மெமரி எல்லையில் சேர்த்துக் கணக்கிடப்படும், அதனால் கன்டெய்னருக்கே 512 எம்பி எல்லை வைத்துவிட்டு உள்ளே 512 எம்பி பலகை கொடுப்பதில் அர்த்தம் இல்லை. ரேம் மிகவும் குறைந்த மெஷின் என்றால் வேறு வழியும் இருக்கிறது: போஸ்ட்கிரெஸில் மேக்ஸ்_பேரலல்_வொர்க்கர்ஸ்_பெர்_கேதர் என்பதை 0 ஆக்கினால் கேள்வியைப் பிரிக்காமல் ஒரே புரோசஸ் செய்யும், அறிக்கை மெதுவாக வரும், ஆனால் வரும். மாதம் ஒரு தரம் எடுக்கிற அறிக்கைக்கு நான் இதையே விரும்புவேன்.

டாக்கர் இல்லாமல் மெஷினிலேயே /டெவ்/எஸ்எச்எம் நிறைந்தால் கதை இலகு. உடனே கூட்ட:

சூடோ மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,சைஸ்=3ஜி /டெவ்/எஸ்எச்எம்

எதையும் நிறுத்தத் தேவையில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறும். நிலையாக இருக்க /ஈடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில் இந்த வரி:

டிஎம்பிஎஃப்எஸ் /டெவ்/எஸ்எச்எம் டிஎம்பிஎஃப்எஸ் ஆர்டபிள்யூ,நோஎஸ்யுஐடி,நோடெவ்,சைஸ்=3ஜி 0 0

நடுவில் இருக்கிற நோஎஸ்யுஐடி, நோடெவ் இரண்டும் பாதுகாப்புக்கு, அவற்றை விட்டுவிடாதீர்கள். அளவை ரேமுக்கு மேலே ஏற்றாதீர்கள். இந்த ஃபைல்கள் ரேமையும் ஸ்வாப்பையும் முழுக்க நிரப்பினால், மெமரி போதாதபோது புரோசஸைக் கொன்று இடம் எடுக்கிற கெர்னலின் கடைசி வழியும் வேலை செய்யாது, ஏனென்றால் எந்தப் புரோசஸைக் கொன்றாலும் ஃபைல் அங்கேயே இருக்கும். மெஷின் உறைந்துபோய் நிற்கும்.

கூட்டுவதற்கு முன் உள்ளே என்ன கிடக்கிறது என்றும் பாருங்கள், எல்எஸ் -எல் /டெவ்/எஸ்எச்எம் போதும். நின்றுபோன புரோகிராம் விட்டுப்போன பெரிய ஃபைல் ஒன்று அங்கே மாதக்கணக்கில் கிடக்கலாம். அழிக்க முன் ஃப்யூசர் -வி என்று அடித்து அந்த ஃபைலின் பெயரைக் கொடுத்து யாராவது பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். டேட்டாபேஸ் ஓடும்போது அதன் பெயரில் தொடங்குகிற ஃபைல்களில் கை வைக்க வேண்டாம்.

இனி சிஸ்டம் ஃபைவ் பக்கம். இன்றைக்கு இது தேவைப்படுவது பழைய மெஷின்களிலும், ஆரக்கிள் போல பெரிய டேட்டாபேஸ்களிலும். போஸ்ட்கிரெஸ் 2013-இல் வந்த 9.3-இலிருந்து தன் பெரிய துண்டை இந்த முறையில் கேட்பதில்லை, அடையாளத்துக்கு மிகச் சின்னத் துண்டு ஒன்று மட்டும் வைத்துக்கொள்கிறது. ஆனால் எங்கள் ஊரில் 2012-இல் ஏற்றிய சர்வரைத் தொடாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். திருக்கடலூர்ப் பக்கம் ஒரு மீன் வியாபார அலுவலகத்தில் அப்படி ஒன்று, 2 ஜிபி ரேம், போஸ்ட்கிரெஸ் 9.1. வேகம் போதவில்லை என்று ஷேர்ட்_பஃபர்ஸை (டேட்டாபேஸ் தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் பொது இடம்) 24 எம்பியிலிருந்து 512 எம்பிக்கு மாற்றினோம், ரேமில் கால்வாசி என்பது டேட்டாபேஸுக்கு மட்டுமான மெஷினுக்குப் பொதுவாகச் சொல்லும் தொடக்க அளவு. அதன் பிறகு அது கிளம்பவே மறுத்தது. 32 எம்பி பலகைக்கு மேல் அனுமதி இல்லாத சுவரில் 512 எம்பி பலகையைக் கொண்டுபோனால் அப்படித்தான்.

மூன்று எண்கள் இருக்கின்றன. கெர்னல்.எஸ்எச்எம்மேக்ஸ் ஒரு பலகையின் உச்ச அளவு, பைட்டில். கெர்னல்.எஸ்எச்எம்எம்என்ஐ எத்தனை பலகை மாட்டலாம் என்பது, வழக்கமாக 4096, இதை மாற்ற எனக்கு ஒருநாளும் தேவை வந்ததில்லை. கெர்னல்.எஸ்எச்எம்ஆல் எல்லாப் பலகையும் சேர்ந்து எவ்வளவு சுவர் பிடிக்கலாம் என்பது, இது பைட்டில் இல்லை, மெமரிப் பக்கங்களில். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடந்தது, பைட் கணக்கை அப்படியே எஸ்எச்எம்ஆலில் போட்டுவிடுவார்கள், எல்லை 4096 மடங்கு பெரிதாகிவிடும், எல்லை வைத்தும் வைக்காத மாதிரி.

ஒரு பக்கம் எத்தனை பைட் என்று அறிய கெட்கான்ஃப் பேஜ்_சைஸ் என்று அடியுங்கள், இரண்டாவது சொல் பெரிய எழுத்தில். சாதாரண பிசியில் 4096 வரும். மொத்தம் 1.5 ஜிபி அனுமதிக்க வேண்டுமென்றால் 1610612736-ஐ 4096-ஆல் வகுங்கள், 393216. இது எஸ்எச்எம்ஆலுக்கு. ஒரு துண்டுக்கு 1 ஜிபி என்றால் எஸ்எச்எம்மேக்ஸுக்கு 1073741824. திருக்கடலூரில் போட்டது இந்த இரண்டும்தான். 512 எம்பிக்கு ஏன் 1 ஜிபி என்றால், டேட்டாபேஸ் பஃபருக்கு மேலே இணைப்புகளுக்கும் லாக்குகளுக்கும் கொஞ்சம் சேர்த்துக் கேட்கும், சரியாக 512-ஐ வைத்தால் அதே பிழை திரும்ப வரும்.

உடனே போட்டுப் பார்க்க:

சூடோ எஸ்ஒய்எஸ்சிடிஎல் -டபிள்யூ கெர்னல்.எஸ்எச்எம்மேக்ஸ்=1073741824
சூடோ எஸ்ஒய்எஸ்சிடிஎல் -டபிள்யூ கெர்னல்.எஸ்எச்எம்ஆல்=393216

புரோகிராமைக் கிளப்பிப் பாருங்கள், கிளம்பினால் சரி. ஆனால் இது கரண்ட் இருக்கும்வரைதான். வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டால் இங்கே மின்சாரத்தை நம்ப முடியாது, ஒரு தரம் போய் வந்தால் மெஷின் பழைய எண்ணோடு கிளம்பும், டேட்டாபேஸ் விழுந்திருக்கும், விடியற்காலை நாலு மணிக்கு மீன் லொறிகள் வந்து நிற்கும். அதனால் அன்றைக்கே நிலையாக எழுதிவிடுங்கள். /ஈடிசி/எஸ்ஒய்எஸ்சிடிஎல்.டி என்ற ஃபோல்டரில் .கான்ஃப் என்று முடிகிற ஒரு ஃபைல் திறந்து, அந்த இரண்டு சமன் வரிகளையும் (முன்னால் கட்டளை இல்லாமல்) எழுதுங்கள். பிறகு சூடோ எஸ்ஒய்எஸ்சிடிஎல் --சிஸ்டம். பலர் -பி என்று அடித்துவிட்டு மாறவில்லை என்கிறார்கள், -பி பெயர் கொடுக்காவிட்டால் /ஈடிசி/எஸ்ஒய்எஸ்சிடிஎல்.கான்ஃப் என்ற ஒரே ஃபைலைத்தான் வாசிக்கும், நீங்கள் எழுதியது வேறு இடத்தில். --சிஸ்டம் தெரியாத மிகப் பழைய மெஷினில் வரிகளை அந்த ஒரே ஃபைலிலேயே எழுதி -பி போடுங்கள்.

விட்டுப்போன துண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புரோகிராம் செத்தாலும் சிஸ்டம் ஃபைவ் துண்டு தானாகப் போகாது. எழுதியவர் ஊரை விட்டே போனாலும் பலகை சுவரில் தொங்கும், யாராவது கழற்றும்வரை அல்லது மெஷின் மறுபடி கிளம்பும்வரை. ஐபிசிஎஸ் -எம் பட்டியலில் என்அட்ச் 0 என்று இருந்தால் இப்போது யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஐபிசிஎஸ் -எம் -பி போட்டால் உருவாக்கிய புரோசஸின் எண் வரும், அந்தப் புரோசஸ் இப்போது இல்லையென்றும் உறுதியானால்:

சூடோ ஐபிசிஆர்எம் -எம் (துண்டின் ஐடி)

0 இல்லையென்றால் தொடாதீர்கள். முக்கியமாக, டேட்டாபேஸ் ‘முந்திய ஷேர்ட் மெமரி இன்னும் பாவனையில் இருக்கிறது’ என்ற பொருளில் சொல்லிக் கிளம்ப மறுத்தால் அது தொல்லை கொடுக்கவில்லை, உங்கள் தரவைக் காப்பாற்றுகிறது. யாரோ தலைமைப் புரோசஸை மட்டும் கில் -9 போட்டுக் கொன்றிருப்பார்கள், பிள்ளைப் புரோசஸ்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். அவற்றை ஒழுங்காக நிறுத்துங்கள், பிறகு கிளப்புங்கள். பிஐடி ஃபைலை (ஓடும் புரோசஸின் எண் எழுதியிருக்கும் ஃபைல்) அழித்து வலுக்கட்டாயமாக இரண்டாவது ஒன்றைக் கிளப்பினால் இரண்டும் ஒரே தரவில் எழுதிக் கெடுத்துவிடும்.

இதற்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் லாக் அவுட் ஆனதும் விழுகிறது. சிஸ்டம்டி (சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கும் அமைப்பு) இருக்கிற லினக்ஸில் லாகின்டி என்ற பகுதி, ஒரு சாதாரண யூசர் முழுக்க வெளியேறியதும் அவர் பெயரில் இருக்கிற செமஃபோர்களையும் (புரோசஸ்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளும் அடையாளங்கள்) /டெவ்/எஸ்எச்எம் ஃபைல்களையும் துடைத்துவிடும். கடை பூட்டும்போது கூட்டிப் பெருக்குகிற மாதிரி. உங்கள் சொந்த யூசர் பெயரில் டேட்டாபேஸை ஓட்டினால் அதுவும் குப்பையோடு போகும். /ஈடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப் ஃபைலில் ரிமூவ்ஐபிசி=நோ என்று எழுதலாம், சொல்லில் ஆரும் ஐபிசியும் பெரிய எழுத்து, பிறகு லாகின்டியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆனால் டேட்டாபேஸைச் சிஸ்டம் யூசர் பெயரில் ஓட்டுவதே நல்லது, அந்த வகை யூசரை லாகின்டி தொடாது. பாக்கேஜ் வழியாக ஏற்றினால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஹியூஜ் பேஜஸ் (மெமரியை வழக்கத்தை விடப் பெரிய பக்கங்களாக ஒதுக்குவது) பற்றியும் கேட்பார்கள். சின்ன மெஷினில் அது வேண்டாம் என்பது என் எண்ணம், ஒதுக்கிய ரேமை வேறு எந்த வேலைக்கும் தராமல் பூட்டி வைக்கும். பஃபர் பல ஜிபி ஆகும்போது யோசிக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு தரம் மெஷினை நீங்களே ரீபூட் செய்யுங்கள், வேலை இல்லாத நேரம் பார்த்து. கிளம்பியதும் முதலில் சொன்ன மூன்று கட்டளையையும் திரும்ப அடித்து, எழுதிய எண்தான் வருகிறதா என்று பாருங்கள். மாற்றிய ஒவ்வொரு வரிக்கும் மேலே ஹேஷ் குறி போட்டு திகதி, பழைய எண், ஏன் மாற்றினோம் என்பதை எழுதிவையுங்கள். உப்புவெளித் தம்பி அதைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார்: முன்பு 64 எம்பி, மாத அறிக்கை விழுந்தது, இப்போது 512, படங்களை அழிக்க வேண்டாம்.